ஜாமீன் பலா

அரிவாளின் முதுகால் இருசப்பன் தன் பலாவின் அடிமரத்தில் ஓங்கித் தட்டியபோது, மதில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த சிவப்பிரகாசம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லிவிட்டார். சொல்ல வேண்டியது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காய்க்காத மரத்தை ஒருவர் வெட்டப் போவதாக மிரட்ட வேண்டும், இன்னொருவர் ஓடிவந்து, வேண்டாம், பாவம், இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள், வருகிற வருஷம் காய்த்துவிடும் என்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும், மிரட்டியவர் கோபம் தணியாதவர்போல முணுமுணுத்துக்கொண்டே அரிவாளைக் கீழே போட வேண்டும், மரம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பயந்தோ வெட்கப்பட்டோ, அடுத்த பருவத்தில் காய்க்கும். பண்ருட்டியை ஒட்டிய வள்ளுவர் நகரில் கார்த்திகை மாதத்தில் ஏதாவது ஒரு கொல்லையில் இந்தச் சத்தம் கேட்பதும், யாரும் எட்டிப் பார்க்காமல் இருப்பதும் வழக்கம். கெஞ்சும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. இருசப்பனின் மனைவி மகளின் பிரசவத்துக்குப் போயிருந்ததால், ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அவர், பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் சிவப்பிரகாசத்தைக் கூப்பிட்டிருந்தார்.

"தின்ன எருவு எவ்ளோ, குடிச்ச தண்ணி எவ்ளோ, ஒரு பிஞ்சு வெச்சியா நீ? இன்னியோட உன் கதை முடிஞ்சுது" என்றார் இருசப்பன் மரத்திடம். "வெட்டிட்டு இந்த எடத்துல ரூம் கட்டப் போறேன்."

"வேணாம் டிரைவர், விட்டுடுங்க."

"ஏன் விடணும்?"

இந்தக் கேள்வி வழக்கத்தில் இல்லாதது. சில்லறை இல்லாத பயணிகளிடம் கண்டக்டர் பேசுவதை ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டியவர் என்பதால் இருசப்பனுக்கு எதையும் ஒரு கேள்வி கேட்காமல் விட மனம் வராது. சிவப்பிரகாசத்துக்கோ, கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பது ஆகாது. அவர் மரத்தைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார், பிறகு தெளிவாகச் சொன்னார்.

"வர்ற ஆனிக்குள்ள ஒரு பழமாவது குடுக்கும். நான் பொறுப்பு."

அவருக்குப் பின்னால் சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

அந்த வீட்டில் அவர் மனைவி செண்பகம் தடை செய்திருந்த வார்த்தைகள் அந்த இரண்டுதான். மற்றபடி அவர் எதை வேண்டுமானாலும் பேசலாம். சில வருஷங்களுக்கு முன்பு, செண்பகத்தின் செத்துப்போன தங்கையின் மகள் பூங்கோதைக்கு, சிறுவயதிலிருந்து இவர்களே வளர்த்த பெண்ணுக்கு, விருத்தாசலம் பக்கமிருந்து நந்தகோபால் என்ற மாப்பிள்ளை வந்தபோது, எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்த கூடத்தில் எழுந்து நின்று, "பையனுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னவர் சிவப்பிரகாசம். நந்தகோபாலை அவர் அதற்கு முன் ஒரே ஒரு தடவை தன் தபால் அலுவலகத்தில் பார்த்திருந்தார். வரிசையில் முந்தாமல் நின்றிருந்தான். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நந்தகோபால் குடிக்க மாட்டான், சிகரெட் பிடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். காலையில் வேலைக்குப் போகும்போது மனைவியை உள்ளே வைத்து வெளியே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான், சாயங்காலம் வந்து திறப்பான். காலம் கெட்டுக் கிடக்கிறது என்பதைத் தவிர அதற்கு அவனிடம் வேறு காரணம் இல்லை, கேட்டால் அதைப் பணிவாகவே சொல்வான். அந்த மாடி வீட்டின் ஒரே ஜன்னலில் பூங்கோதை ஒரு பழைய டால்டா டப்பாவில் கொத்தமல்லி போட்டாள், அது வளர்ந்து, கம்பிக்கு வெளியே சாய்ந்து, திரும்பி உள்ளே வரவே இல்லை. ஒருநாள் குழாயைச் சரிபார்க்க வீட்டின் சொந்தக்காரர் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தார். பூங்கோதை அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு, படியிறங்கி, பஸ் ஏறி, இந்த வீட்டு வாசல் கதவின் முன்னால் வந்து நின்றாள்.

"மரத்துக்குத்தானே சொன்னேன்" என்றார் சிவப்பிரகாசம், சாப்பிடும்போது.

"மனுசனுக்குச் சொன்னதே வீடு வந்து சேந்துது" என்றாள் செண்பகம். "மரத்துக்குச் சொன்னது எங்க வந்து நிக்கப் போகுதோ."

வந்த நாளிலிருந்து பூங்கோதை கொல்லையில்தான் இருந்தாள். குளியலறைத் தண்ணீர் ஓடும் வழியில் பொன்னாங்கண்ணியும் சேம்பும், வெயில் விழும் மூலையில் கத்தரியும் மிளகாயும், பழைய கட்டில் சட்டத்தில் ஏற்றிய அவரைப் பந்தல், விரிசல் விட்ட பக்கெட்டுகளில் புதினாவும் கற்பூரவல்லியும், வேலிக் கம்பியில் தூதுவளை, மதிலோரம் பிரண்டை, இவை போக இருசப்பன் வீட்டுப் பலாவின் நிழல் சாயங்காலத்தில் வந்து விழும் இடத்தில் ஒரு பாத்தி இஞ்சி. அசுவினிப் பூச்சி பிடித்தால் அடுப்புச் சாம்பலைத் தூவுவாள், புழு விழுந்தால் வேப்பம் புண்ணாக்கைக் கரைத்துத் தெளிப்பாள். எந்தச் செடியையும் அவள் திட்டியோ மிரட்டியோ யாரும் கேட்டதில்லை.

தை மாதம் பொங்கல் கழிந்து ஒரு காலையில், பால் போடுகிற அம்மா, சிவப்பிரகாசம் வீட்டு வாசல் கதவில் தாழ்ப்பாள் உயரத்தில் விரல் நீளத்துக்குப் பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். புதிதாக அடித்த கொக்கி என்று நினைத்து, நல்ல வசதிதான் என்று பால் பையை அதில் மாட்டிவிட்டுப் போனாள். பையை எடுக்க வந்த பூங்கோதை அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஒற்றை இலை, அதன் கீழே காம்பு, காம்பின் நுனியில் சொரசொரப்பான சிறிய பிஞ்சு. கதவின் மேல் பலகையில் இன்னும் சில மொட்டுகள் வெடித்திருந்தன. அவற்றில் ஆண் பூக்கள் எவை, கருகி விழப் போகிறவை எவை என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"பெரியம்மா, கதவு காய் பிடிச்சிருக்கு" என்றாள் உள்ளே வந்து.

"எந்தக் கதவு?"

"வாசக்கதவு."

செண்பகம் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரின் முன்னால் நின்றாள்.

"எழுந்து போய்ப் பாருங்க. உங்க பொறுப்பு வந்திருக்கு."

வள்ளுவர் நகர் அன்று முழுக்க வந்து பார்த்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பண்ருட்டிப் பக்கத்தில் பலா காய்ப்பதற்குக் காரணம் கேட்கும் வழக்கம் இல்லை, காய்க்காமல் இருப்பதற்குத்தான் காரணம் கேட்பார்கள். அந்தக் கதவைச் செய்த அங்கமுத்து ஆசாரியை வரவழைத்துக் காட்டியபோது அவர் கீல்களை மட்டும் அசைத்துப் பார்த்தார். "பலா மரத்துல செஞ்ச கதவு பலாதான் காய்க்கும், வேப்பங்கொட்டையா காய்க்கும்?" என்று கேட்டுவிட்டு, கனம் கூடினால் தாங்காது என்று பழைய கீல்களைக் கழற்றிப் பெரியவற்றைப் பொருத்தி, எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு தெருவில் தேக்குக் கதவு போட்டிருந்தவர்கள் தங்கள் கதவுகளைக் கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பார்த்தார்கள். பிளைவுட் போட்டிருந்தவர்கள் அந்தப் பேச்சு வரும்போது வேறு பேச்சுக்குப் போனார்கள்.

இருசப்பன் வந்து பார்த்தார். அவருடைய மரத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை.

"சொன்னா சொன்னபடி நடந்துக்கிட்டீங்க சார்" என்றார். "ஆனா ஒண்ணு. மரத்துலயே வெச்சிருக்கலாம். எனக்குப் பாத்துக்க வசதியா இருந்திருக்கும்."

"நான் எங்க வெச்சேன்?" என்றார் சிவப்பிரகாசம்.

"பின்ன யாரு வெச்சா?"

இந்தத் தடவை பக்கத்தில் செண்பகம் நின்றிருந்ததால் அவர் பதில் தேடவில்லை.

காய் யாருடையது என்ற கேள்வியைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானசம்பந்தம் தீர்த்துவைத்தார். கடன்பட்டது மரம், ஏற்றுக்கொண்டது கதவு, ஆகவே பழம் மரத்துக்காரருக்கு, பழுக்கிறவரை பராமரிப்பு கதவுக்காரருக்கு என்றார் அவர். பழுக்காமல் விழுந்தால் ஜாமீன் செல்லாது, டிரைவர் மரத்தை வெட்டிக்கொள்ளலாம், யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து தெருவில் அதற்கு ஜாமீன் பலா என்று பெயர் வந்தது.

பூங்கோதை எல்லாப் பிஞ்சுகளையும் விட்டுவைக்கவில்லை. கதவு அத்தனையைத் தாங்காது என்று மேலே இருந்தவற்றைக் கிள்ளி எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தாள், செண்பகம் அவற்றை நறுக்கி, மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து, மிளகு சீரகம் தட்டிப் பொரியல் செய்தாள், சிவப்பிரகாசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தாழ்ப்பாளின் அருகே இருந்த ஒன்றை மட்டும் விட்டார்கள். அது கதவின் விளிம்பை ஒட்டி இருந்ததால், முஷ்டி அளவுக்கு வளர்ந்ததுமே நிலைச்சட்டத்தில் இடித்தது. ஆகவே மாசி மாதத்திலிருந்து கதவைச் சாத்த முடியவில்லை. காய் பெருக்கப் பெருக்கக் கதவு இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று திறந்துகொண்டே வந்து, பங்குனியில் ஒரு ஆள் குனியாமல் கோணாமல் உள்ளே வரும் அளவுக்கு நின்றது.

திறந்த வாசலுக்கு வீடும் தெருவும் பழகிக்கொண்டன. தெரு நாய் ஒன்று யாரும் சொல்லாமலே வாசல்படியில் குறுக்கே படுக்க ஆரம்பித்தது. எதிர்வீட்டு ஆடு ஒன்று கூடத்துக்கு வந்து காலண்டரின் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டுப் போனது. செண்பகம் இரும்புப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள், அப்படியும் தூக்கம் வரவில்லை என்றாள். பூங்கோதை மட்டும் அந்த வாசலைப் பார்க்கத் தலைவைத்துப் படுத்து நன்றாகத் தூங்கினாள்.

காலையில் எழுந்ததும் அவள் கதவுக்குத் தண்ணீர் ஊற்றினாள். நிலையின் அடியில் ஒரு செம்பு, பலகையின் மேல் கையால் தெளித்து ஒரு செம்பு, அரிசி கழுவிய தண்ணீர் இருந்தால் அது, மீன் கழுவியது இருந்தால் அதுவும். அணில் கடிக்காமல் காய்க்குக் கோணிச் சாக்கில் ஒரு உறை தைத்துப் போட்டாள். பிறகு உறையை விலக்கி, விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பாள். தொப் என்று கட்டையில் தட்டுவதுபோலச் சத்தம் வந்தால் இன்னும் விளையவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் தட்டுவதற்கு வேறு இடம் இல்லாததால் அவர்களும் அதிலேயே தட்டினார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் தட்டினார், மின்சாரக் கணக்குக் குறிக்க வந்த பெண் தட்டினாள், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் தட்டினார்கள், தட்டிவிட்டு எல்லோரும் வணக்கத்துக்குப் பதிலாக, "இன்னும் விளையல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

அவர்களில் பலர் சும்மா வரவில்லை. போஸ்ட்மாஸ்டர் வாய் திறந்து பொறுப்பு என்று சொன்னால் மரக்கதவே கட்டுப்படுகிறது என்ற செய்தி பஸ் ஏறிப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போயிருந்தது. மாதுளை பூவோடு நின்றுவிடுகிறது என்று ஒருவர் வந்தார், எலுமிச்சைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று ஒருவர், தோண்டப் போகும் போர்வெல்லுக்கு ஒரு வார்த்தை என்று இன்னொருவர். சிவப்பிரகாசத்துக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. கொல்லையில் கத்தரிச் செடிகளின் முன்னால் நின்று அவர் பழகிப் பார்த்தார். முடியாது என்று ஆரம்பிக்கும் வார்த்தை வாயை விட்டு வெளியே வரும்போது பார்க்கலாம் என்று ஆகிவிட்டது.

செண்பகம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வாய்க்குள் ஏதாவது இருந்தால் வார்த்தை வெளியே வராது. ஆகவே காயில் தட்டும் சத்தம் கேட்டதுமே அவள் டப்பாவைத் திறந்தாள். வந்தவர் உட்கார்ந்து விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் சிவப்பிரகாசத்தின் கையில் முறுக்கோ பொரிவிளங்காய் உருண்டையோ இருக்கும், விஷயத்தின் முக்கியமான கட்டத்தில் அது வாயில் இருக்கும். பொரிவிளங்காய் உருண்டையைக் கடித்து முடிக்க அவருடைய பற்களுக்கு நேரம் பிடிக்கும். வந்தவர்கள் அவர் தலை அசைவதைப் பார்த்து, அது மெல்லுவதால் வந்த அசைவு என்று தெரியாமல், திருப்தியோடு எழுந்து போனார்கள்.

பங்குனி உத்திரம் கழிந்து நந்தகோபால் வந்தான். கூடவே அவனுடைய தாய்மாமன் பலராமனும் வந்தார். நந்தகோபால் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். திறந்திருந்த வாசலில் நின்று, உறையை விலக்கி, காயில் மெதுவாகத் தட்டிவிட்டுக் காத்திருந்தான். தொப்.

செண்பகம் டப்பாவைத் திறந்தாள். அது காலியாக இருந்தது. முதல் நாள் ஒரு நெல்லிமரக்காரர் குடும்பத்தோடு வந்துவிட்டுப் போயிருந்தார்.

பலராமன் நாற்காலியில் உட்கார்ந்து, நேராக விஷயத்துக்கு வந்தார். பையன் திருந்திவிட்டான், பூட்டை எடுத்துக் கிணற்றில் போட்டுவிட்டான், பெண் திரும்பி வர வேண்டும். "நாங்க ஆயிரம் சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீங்க. ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அன்னிக்குச் சொன்னீங்க, ஏதோ ஆயிப்போச்சு. அன்னிக்கு உங்க வார்த்தைக்கு இவ்ளோ பலம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இன்னிக்கு நீங்க பையனுக்குப் பொறுப்புன்னு சொல்லிட்டா, அவன் கட்டுப்பட்டுத்தானே ஆகணும்? பொண்ணும் தைரியமா வந்துடும்."

"கட்டுப்படுறது கதவுங்க" என்றாள் செண்பகம். "மரம் காய்க்கல."

"அதேதான் சொல்றேன். இவன் கட்டுப்படலன்னாலும் வேற ஏதோ கட்டுப்படும் இல்ல?"

நந்தகோபால் கதவின் தாழ்ப்பாளையும், அது போய் விழ முடியாத ஓட்டையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கதவு இப்படியேவா இருக்கு?" என்று ஒருமுறை கேட்டான், குரலில் உண்மையான கவலை இருந்தது.

சிவப்பிரகாசத்தின் வாய் காலியாக இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார், காலியான டப்பாவைப் பார்த்தார், அவர் உதடுகள் அசைய ஆரம்பித்தன, செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்தப் பொறுப்பு முடியட்டும்" என்றார் சிவப்பிரகாசம். "ஒண்ணு நிலுவையில இருக்கும்போது இன்னொண்ணு ஏத்துக்க முடியாது. முதல்ல இது பழுக்கட்டும். அப்புறம் வாங்க."

தபால் துறையில் வேலை பார்த்தவர் சொல்வதால் அது சட்டம்போல இருந்தது. பலராமன் எழுந்து போய்க் காயைத் தடவிப் பார்த்து, "ஆனி" என்றார்.

கொல்லையில் அவரைப் பந்தலுக்குக் கீழே செம்போடு நின்றிருந்த பூங்கோதை எல்லாவற்றையும் கேட்டாள். கூடத்துக்கும் கொல்லைக்கும் நடுவே கதவு எப்போதும் இருந்ததில்லை.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல வாசலுக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது செண்பகம் செம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்தாத. வெம்பி விழட்டும்."

"வெம்பி விழுந்தா டிரைவர் மாமா மரத்தை வெட்டிடுவாரு, பெரியம்மா. பெரியப்பா சொன்னது பொய்யாப் போயிடும்."

"போவட்டும். அந்த மனுசன் சொன்னது பொய்யாப் போறது இதுதான் முதல் தடவையா? பழுத்தா அவனுங்க வந்து நிப்பானுங்க. உங்க பெரியப்பா வாய் சும்மா இருக்கும்னு நெனைக்கிறியா நீ?"

"இல்ல."

"பின்ன?"

"காய் பிடிச்சதைத் தண்ணி காட்டாம விட எனக்கு வராது" என்றாள் பூங்கோதை. பிறகு செம்பை வாங்கி நிலையடியில் ஊற்றினாள்.

சித்திரையில் ஒரு மத்தியானம், பூங்கோதை கொல்லையில் இருந்தபோது, செண்பகம் அரிவாள்மனையோடு வாசலுக்குப் போனாள். உறையைத் தூக்கிக் காம்பைப் பார்த்தாள். காய் இப்போது தவலை அளவுக்கு இருந்தது, முட்கள் நெருக்கமாகவும் கூராகவும் இருந்தன, வெயில் பட்ட பக்கம் லேசாகச் சுட்டது. அவள் அங்கேயே உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த அரிவாள்மனையில் சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கி முடித்துவிட்டு எழுந்து வந்தாள். அதற்குப் பிறகு அரிசி கழுவிய தண்ணீரை அவளே கொண்டுபோய் நிலையடியில் விட்டாள். எங்காவது கொட்டத்தானே வேண்டும் என்றாள்.

வைகாசி முழுக்கத் தெரு காத்திருந்தது. தட்டிப் பார்ப்பவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பழுத்தால் டிரைவரின் மரம் பிழைக்கும், பழுத்தால் பெண் போக வேண்டியிருக்கும், இரண்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் தட்டிவிட்டு என்ன முகம் காட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இருசப்பன்கூட ஒருநாள் மதில்மேல் எட்டி, இஞ்சிப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த பூங்கோதையிடம், "ஆனின்னு சொன்னது, ஆடி வரைக்கும்கூடப் போவலாம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"காய்க்குத் தெரியாதே மாமா" என்றாள் பூங்கோதை.

முட்கள் விரிந்து மழுங்கத் தொடங்கின. காம்பின் மேலிருந்த ஒற்றை இலை மஞ்சளானது. சிவப்பிரகாசம் கத்தரிச் செடிகளை விட்டுவிட்டுக் கொய்யா மரத்திடம் போய்ப் பழகினார். கொய்யாவிடமும் பார்க்கலாம் என்றே வந்தது.

ஆனி பிறந்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, காலைச் சமையல் முடிகிற நேரத்தில், தெருவில் ஒரு கார் வந்து நின்றது. பலராமன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். நந்தகோபால் அதே மாதிரி இன்னொரு வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நாய் எழுந்து வழிவிட்டது. திறந்த வாசலின் வழியாகக் கூடமும், கூடத்தைத் தாண்டிக் கொல்லையும், கொல்லையில் அவரைக்கொடியைப் பந்தலில் கட்டிக்கொண்டிருந்த பூங்கோதையின் முதுகும் தெரிந்தன. அப்படியே உள்ளே நடந்து போய்விடலாம், ஆனால் நந்தகோபால் முந்துகிறவன் இல்லை. உறையை விலக்கி, விரலை மடக்கித் தட்டினான்.

இந்தத் தடவை தொப் என்று வரவில்லை. நிறைகுடத்தின் வயிற்றில் தட்டியதுபோல ஆழமாக, கொஞ்சம் தள்ளாடி வந்தது. கூடத்தில் சிவப்பிரகாசம் நிமிர்ந்தார். மதிலுக்கு அப்பால் இருசப்பன் துடைப்பத்தைக் கீழே போட்டார். கொல்லையில் பூங்கோதையின் கைகள் முடிச்சுப் போட்டு முடித்துவிட்டு நின்றன.

அவள் சமையலறை வழியாக வந்தாள். அரிவாளை எடுத்து, அதில் நல்லெண்ணெய் தடவி, உள்ளங்கையில் மிச்சமிருந்த எண்ணெயைத் தன் கைகளிலும் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பலராமன் ஒரு எட்டுப் பின்னால் போனார்.

"பிடிங்க" என்றாள் நந்தகோபாலிடம்.

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் காம்பில் ஒரு வெட்டுப் போட்டாள். பழம் அவன் கைகளில் வந்து விழுந்தது, அவன் முழங்கால்கள் கொஞ்சம் மடங்கி நிமிர்ந்தன, காம்பிலிருந்து வழிந்த பால் வெள்ளைச் சட்டையின் பையில் ஆரம்பித்து இடுப்புவரை இறங்கியது.

"டிரைவர் மாமா வீட்டுக்கு. கீழ போட்டுடாதீங்க, வெடிச்சிடும்."

கொடுத்ததை வாங்கிக்கொண்ட பிறகு வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி நடந்தான், பலராமன் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு நடந்தார், வழியை இருசப்பன் காட்டினார், யார் சொல்லியோ தெரு முழுக்க வந்து சேர்ந்துகொண்டது, ஞானசம்பந்தம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். ஜாமீன் கொடுத்தவர் ஒப்படைக்கும்போது இருந்தாக வேண்டும் என்று சிவப்பிரகாசத்தைக் கூப்பிட்டார்கள். அவர் போகும்போது செண்பகமும் செருப்பை மாட்டிக்கொண்டு அவரை ஒட்டியே போனாள்.

பலா மரத்தின் அடியில் கோணி விரித்துப் பழத்தை இறக்கினார்கள். நந்தகோபாலின் கைகள் பழத்திலிருந்து எளிதில் வரவில்லை. இருசப்பன் எண்ணெய் தடவிய கத்தியால் இரண்டாகப் பிளந்ததும் வாசனை தெருவின் கடைசி வீடுவரை போனது. சுளைகள் நல்ல மஞ்சள், தடித்தவை, அதிகம் சக்கை இல்லை. முதல் சுளையை இருசப்பன் தின்றார், கொட்டையைத் துப்பினார், அரிவாளை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மரத்தின் அடியில் போட்டார்.

"சார், உங்க ஜாமீன் முடிஞ்சுது" என்றார்.

"மரத்தவிடக் கதவுப் பழம் ருசியா இருக்கும்போல" என்றாள் பால் போடுகிற அம்மா. அந்த மரத்தின் பழத்தை யாரும் தின்றதில்லை என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

பலராமன் கையிலிருந்த சுளையை மென்று முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, சிவப்பிரகாசத்தின் முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, நிலுவை தீந்துடுச்சு. ஊரே இருக்கு. இப்ப சொல்லிடலாமே. பையனுக்கு நீங்க பொறுப்புதானே?"

தெரு மெல்லுவதை நிறுத்தியது. சிவப்பிரகாசம் வாயைத் திறந்தார். செண்பகம் அந்த வாயில் ஒரு சுளையை வைத்தாள்.

அது பெரிய சுளை. அவர் அதை மென்றார், பலராமன் காத்திருந்தார். கொட்டையை உள்ளங்கையில் வாங்கினார், பலராமன் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார். விழுங்கி முடித்தார். வாய் காலியானது. செண்பகம் அவசரமாகக் கோணியின் பக்கம் குனிந்தாள், அங்கே ஞானசம்பந்தம் சுளைகளைப் பங்கு வைத்துக்கொண்டிருந்ததால் அவள் கைக்கு எதுவும் எட்டவில்லை.

"சொல்லுங்க ஐயா. பையனுக்கு நீங்க பொறுப்பு. அவ்வளவுதான்."

சிவப்பிரகாசம் நந்தகோபாலைப் பார்த்தார். அவன் யாரோ கொடுத்த தேங்காய் எண்ணெயை விட்டு, விரல்களைப் பிரிக்க முயன்றுகொண்டிருந்தான். பிசின் விரலுக்கு விரல் நூலாக இழுத்தது. பொறுமையாக, முந்தாமல், ஒவ்வொரு நூலாக அறுத்துக்கொண்டிருந்தான். பிறகு சிவப்பிரகாசம் கையை நீட்டி, ஞானசம்பந்தம் யாருக்கோ ஒதுக்கி வைத்திருந்த பங்கிலிருந்து ஒரு சுளையை எடுத்து, தானே தன் வாயில் போட்டுக்கொண்டார். பலராமனைப் பார்த்துக்கொண்டே தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார், ஒரு தடவை ஆட்டி நிறுத்தினார், மெல்லுவதால் வந்தது என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள் என்று மெல்லுவதை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை ஆட்டினார்.

"அது சார் என் பங்கு" என்றார் ஞானசம்பந்தம்.

அதைப் பற்றிப் பேச்சு வளர்ந்தது. ஜாமீன் கொடுத்தவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது முன்பே தீர்க்கப்படவில்லை என்று இருசப்பன் சொன்னார், கொட்டைகளை யார் எடுத்துக்கொள்வது என்று பால் போடுகிற அம்மா கேட்டாள், வாய்விட்டுச் சொல்லாத பதில் பதிலே இல்லை என்று பலராமன் சொல்லிப் பார்த்தார், அவர் கையிலும் யாரோ இரண்டு சுளைகளை வைத்தார்கள்.

பக்கத்து வாசலில் பூங்கோதை காம்பு வெட்டுப்பட்ட இடத்தில் பால் கசிவது நிற்க அடுப்புச் சாம்பலை அப்பினாள். பலகையில் வழிந்திருந்ததை எண்ணெய்த் துணியால் துடைத்தாள். கோணி உறையை உதறி மடித்தாள். தாழ்ப்பாளின் ஓட்டையில் கூடு கட்டியிருந்த சிலந்தியை விரலால் எடுத்து வெளியே படியோரம் வைத்திருந்த புதினாப் பக்கெட்டில் விட்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.